இரத்தினபுரிக் கற்களும் ஒளியியல் வரலாறும்

ஒளியின் இயல்பினை ஆராய்ந்தோர் வரலாற்றைக் கூறும் நூல்கள் பெரும்பாலும் கேம்பிரிச்சிலே தொடங்கிப் பாரிசிலோ பேர்லினிலோ முடிவன. 1666ஆம் ஆண்டளவில் நியூற்றன் அரியமொன்றினூடாகச் சூரிய ஒளியைச் செலுத்தி, வெண்ணிறம் பல நிறங்களின் கலவை என்று கண்டதும், 1669இல் பார்த்தொலின் ஐசுலாந்துக் கல்லினூடாகப் பார்த்தபோது ஒரு பொருள் இரண்டாகத் தோன்றக் கண்டு வியந்ததும் அந்நூல்களிற் சிறப்பிடம் பெறுகின்றன. அவை தக்க இடங்களே. எனினும் ஒளியை ஆராய்வோனுக்கு ஒளி புகும் பொருளொன்றும் வேண்டும். அப்பொருள் எங்கிருந்து வந்தது, அதனை மண்ணிலிருந்து எடுத்தோர் யாவர் என்ற வினாக்களை எழுப்பினால், வரலாற்றின் பாதை எதிர்பாராதவாறு களுகங்கைக் கரைக்குத் திரும்பி விடுகின்றது. அப்பாதையிற் சிறிது தூரம் சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சப்பிரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களை உடையது. மலைகளிலே தேயிலை, தாழ்வாரங்களிலே இறப்பர், பள்ளத்தாக்குகளிலே வயல், வயலுக்கடியிலே கல். மிகப் பழைய பாறைகள் பல கோடி ஆண்டுகளாகச் சிதைந்து, அவற்றிற் கடினமானவை மட்டும் நீரால் அடித்துவரப்பட்டுச் சரளைப் படையாகப் படிந்துள்ளன. அப்படையைச் சிங்களத்தில் 'இல்லம்' என்பர். தமிழில் அச்சொல் வீட்டைக் குறித்தலால், முதன்முதல் அதனைக் கேட்கும் நம்மவர் குழிக்குள்ளே வீடு ஏது என்று மயங்குவதுண்டு. இவ்வில்லத்திலே ஒரே கூடைக்குள் நீலமும் புட்பராகமும் செவ்வந்தியும் கோமேதகமும் வைடூரியமும் ஒருங்கே கிடைப்பது உலகில் வேறு சில இடங்களுக்கே வாய்த்த பேறாகும். இப்பன்மையே பின்னர் ஒளியியலாருக்குப் பெருந்துணையாயிற்று.

முன்னோர் கற்களை நிறங்கொண்டே பகுத்தனர். சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரை இரத்தினக் கடைவீதியை வருணிக்குமிடத்து ஒன்பது மணிகளையும், அவற்றின் இயல்பையும் குற்றங்களையும் விரித்துரைக்கின்றது. செந்நிறக் கற்களை மட்டுமே நான்கு சாதிகளாக வகுத்துச் சாதுரங்கம், குருவிந்தம், சௌகந்திகம், கோவாங்கு என உரையாசிரியர் பெயர் கூறுவர். இவற்றுட் குருவிந்தம் என்ற பெயர் குருந்தம் எனத் தமிழில் வழங்கி, அதனின்றே ஐரோப்பியரின் 'கொரண்டம்' என்ற அறிவியற் பெயர் தோன்றிற்று. இன்று மாணிக்கமும் நீலமும் புட்பராகத்தின் ஒரு வகையும் ஆகிய மூன்றும் கொரண்டம் என்ற ஒரே கனிப்பொருளின் வேறுபாடுகள் எனக் கற்கின்றோம். நிறத்தால் வேறுபட்டவற்றை ஒன்றாக்க மேலைநாட்டார் எடுத்தாண்ட பெயர், நிறத்தால் ஒரு சாதியைப் பிரித்துக் காட்ட நம்மவர் வைத்த பெயராக இருந்தமை சுவையான முரண் அன்றோ!

இன்னொரு சொல்லையும் ஈண்டு நோக்கலாம். பதுமராகம் என்பது தாமரை நிறமுடையது எனப் பொருள்படும். தமிழ் நூல்களில் அது சிவந்த மாணிக்கத்தைக் குறிக்கும். இலங்கையிலோ அதே சொல்லின் திரிபு, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் மயங்கிய அரிய கொரண்டத்துக்கு உரியதாகி உலகச் சந்தையிலும் அப்பொருளிலேயே வழங்குகின்றது. எத்தாமரை, எப்பொழுதின் ஒளியிற் கண்ட தாமரை என்ற வாதம் வணிகரிடையே இன்றும் ஓய்ந்தபாடில்லை.

நிறம் நம்பத்தக்க சான்றன்று. செந்நிற ஸ்பினல் கல்லும் மாணிக்கமும் ஒரே சரளையிற் கிடைப்பன. இரண்டுக்கும் சிவப்பூட்டுவது குரோமியமே. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒளிக்கு அவை ஒன்றல்ல. ஸ்பினலினுட் புகும் கதிர் ஒரே கதிராக முறிந்து செல்லும். கொரண்டத்தினுட் புகும் கதிர் இரண்டாகப் பிரிந்து, வெவ்வேறு வேகத்திற் செல்லும். இதனை இரட்டை முறிவு என்பர். நூற்றாண்டுக் கணக்காக மாணிக்கமென்று போற்றப்பட்ட கற்கள் பல பின்னர் ஸ்பினலென அறியப்பட்டன.

இரட்டை முறிவின் வரலாற்றிலே இலங்கைக்கு நேரிடையான பங்கு ஒன்றுண்டு. தமிழிலும் சிங்களத்திலும் 'தோரமல்லி' என வழங்கிய கற்கள், ஒல்லாந்தர் இலங்கைக் கரையோரத்தை ஆண்ட 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அமிசுற்றடாமுக்குச் சென்றன. சூடேற்றியபோது அவை சாம்பலைத் தம்பால் இழுக்கக் கண்ட ஒல்லாந்தர் அவற்றுக்குச் 'சாம்பல் இழுப்பான்' என வேடிக்கைப் பெயரும் இட்டனர். தோரமல்லியே 'துர்மலின்' ஆயிற்று. 1815இல் பிரான்சிய அறிஞர் பியோ, இக்கல்லினுள் இரண்டாகப் பிரியும் கதிர்களில் ஒன்று முற்றாக உறிஞ்சப்பட மற்றொன்று மட்டும் வெளிவருவதைக் கண்டார். அவ்வாறு வெளிவரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது, அதாவது முனைவாக்கப்பட்டது. இரண்டு துர்மலின் தகடுகளை ஒன்றன்மேலொன்று வைத்து ஒன்றைச் சுழற்றினால் ஒளி மெல்ல மங்கி, செங்குத்தான நிலையில் இருண்டுவிடும். இக்காலத்து முனைவாக்கத் தாள்கள் தோன்றும்வரை, ஒளி குறுக்கலை என்பதை மாணவருக்குக் காட்ட எளிய கருவியாக இருந்தது இத்துர்மலின் இடுக்கியே.

இனி, நம் நாட்டுக் கல்லொன்று அறிவியலாளர் ஒருவரை மயக்கிய கதைக்கு வருவோம். சேர்க்கோன் என்ற கல்லின் ஒருவகை இலங்கையிலே 'யார்கூன்' என வணிகரால் வழங்கப்பட்டது. நிறமற்றதோ வெளிறியதோ ஆன வகைக்கு 'மாத்தறை வைரம்' என்ற பட்டமும் உண்டு. பட்டம் பெரிது, விலை சிறிது. இக்கல்லை நிறமாலைகாட்டியினூடாகப் பார்த்தால் நிறமாலையிற் கூரிய கருங்கோடுகள் தோன்றுவதை 1866இல் சேர்ச் என்பார் அறிவித்தார். நிறமாலையிற் கோடு தோன்றுதல் அக்காலத்தில் எத்துணைப் பரபரப்பூட்டுவது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பன்சனும் கிர்க்கோபும் 1860, 1861ஆம் ஆண்டுகளிலே சீசியம், உருபீடியம் என்ற இரு மூலகங்களைக் கோடுகளைக் கொண்டே கண்டுபிடித்திருந்தனர். புதிய கோடு என்றால் புதிய மூலகம் என்பதே அன்றைய ஆர்வம்.

செபீல்டு நகரத்து ஹென்றி கிளிப்டன் சோர்பி நுணுக்குக்காட்டியோடு நிறமாலைகாட்டியை இணைத்து ஆராய்ந்தவர்; பாறைகளை மெல்லிய தகடாக்கி நோக்கும் முறைக்கு வழிவகுத்த பேரறிஞர். அவர் இலங்கைச் சேர்க்கோனிலே பத்துக்கு மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டு, இவை அறியப்பட்ட எம்மூலகத்துக்கும் உரியன அல்ல எனத் துணிந்து, 1869இல் 'யார்கோனியம்' என்ற புதிய மூலகத்தை உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டிலேயே அவர் தம் முடிவைத் தாமே மீட்டுக்கொண்டார். சேர்க்கோனியத்தோடு சிறிதளவு யுரேனியம் சேர்ந்தால் அதே கோடுகள் தோன்றுகின்றன எனப் பரிசோதனை வாயிலாகக் கண்டமையே காரணம். வெவ்வேறாக நின்றால் அக்கோடுகளைக் காட்டாத இரண்டு பொருள்கள், கூடினால் அவற்றைக் காட்டின. தவற்றை ஏற்ற அவரது நேர்மையைப் பாராட்டும் அதே வேளையில், இதனாற் பிறந்த அறிவையும் குறைத்து மதிப்பிடல் ஆகாது. நிறம் தரும் அணு எது என்பது மட்டும் போதாது. அவ்வணு யாருடன், எந்தப் பளிங்குக் கட்டமைப்பினுள் இருக்கின்றது என்பதும் வேண்டும் என்ற உண்மை இச்சிறு கல்லினால் வெளிப்பட்டது. 1923இலே கொப்பன்கேகனில் கொசுற்றரும் எவெசியும் சேர்க்கோனை எக்சுக் கதிர் நிறமாலையால் ஆராய்ந்து, அதனுள் உண்மையாகவே மறைந்திருந்த 'அப்னியம்' என்ற மூலகத்தைக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தது நோர்வேக் கல். ஆனால் அம்மூலகம் எல்லாச் சேர்க்கோனிலும் உள்ளதே. சோர்பி தேடிய புதையல் அவர் கையிலேயே இருந்தது. அது கட்புலனாகும் ஒளியில் எந்தக் கோட்டையும் இடவில்லை.

சேர்க்கோனில் உள்ள யுரேனியம் வேறொரு வேலையும் செய்கின்றது. அதன் கதிர்வீச்சு நெடுங்காலமாகப் பளிங்கின் ஒழுங்கைச் சிதைத்து வருவதால், இலங்கைப் பச்சைச் சேர்க்கோன்கள் சிலவற்றில் முறிவுச் சுட்டி குறைந்து, இரட்டை முறிவும் ஏறத்தாழ அற்றுப்போயிருக்கும். ஒளி அக்கல்லைப் பளிங்கென மதியாது கண்ணாடி போல நடத்துகின்றது.

கதிர்வீச்சுக் கனிப்பொருள்களைப் பற்றிக் கூறும்போது ஆனந்த குமாரசுவாமி அவர்களை நினையாதிருத்தல் இயலாது. சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தராகிய அவரைக் கலை வரலாற்றாசிரியராகவே நாம் அறிவோம். அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக இருந்தவர். பலாங்கொடைப் பகுதியிற் கிடைத்த கருநிறக் கனசதுரக் கனிப்பொருளொன்று அக்காலத்திலேதான், 1904இல், தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. ஒற்றோ ஆன் கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தது இக்கனிப்பொருளை ஆராய்ந்தபோதே.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் சரளையிலிருந்து மூன்று புதிய கனிப்பொருள்கள் அடையாளங் காணப்பட்டன. முதலாவதன் கதை டப்ளின் நகரத்திலே தொடங்குகின்றது. 1945இல் தாபே பிரபு என்பவர் பழைய கற்களின் பொதியொன்றைத் தரம் பிரிக்கும்போது, ஊதா நிற ஸ்பினல் என்றிருந்த ஒரு கல்லை நுணுக்குக்காட்டியில் வைத்தார். அதன் பின்முகத்துக் கீறல்கள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பினலில் அவ்வாறு தெரிதல் கூடாது. இலண்டன் ஆய்வாளர் அதனைச் சோதித்துப் புதிய கனிப்பொருளெனக் கண்டு 'தாபியைற்று' எனப் பெயரிட்டனர். வெட்டித் தீட்டிய கல்லாகவே முதன்முதற் கண்டுபிடிக்கப்பட்ட கனிப்பொருள் இது ஒன்றே எனலாம். அது எங்கிருந்து வந்தது என்பது அப்போது விளங்கவில்லை. பின்னர் இலங்கைச் சரளைகளிலே அதன் இனம் கண்டெடுக்கப்பட்டது. அடுத்தது சிங்களைற்று. கபில நிற ஒலிவைன் எனக் கருதி நூதனசாலைகளில் நெடுங்காலம் வைத்திருந்த இலங்கைக் கற்களின் முறிவுச் சுட்டியும் உறிஞ்சற் கோடுகளும் ஒலிவைனோடு ஒத்துவராமையைக் கண்டு ஐயுற்றோர், 1952இலே அது மகனீசியமும் அலுமினியமும் போரனும் சேர்ந்த தனியினம் என நிறுவினர். மூன்றாவது நம் மாகாணத்துக்கே உரியது. இரத்தினபுரி மாவட்டத்து எகலியகொடையில் எவ். எல். டி. ஏக்கநாயக்க என்பவர் 1953இல் கண்டெடுத்த பச்சைக் கல், தோரியம் செறிந்த சிலிக்கேற்று எனத் தெளியப்பட்டு, 1961இல் 'ஏக்கனைற்று' என அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கண்டெடுத்தவர் பெயர் கல்லுக்குக் கிடைத்த அரிய நேர்வு இது.

சந்திரகாந்தக் கல் சப்பிரகமுவைக்கு வெளியே, மீட்டியாகொடையிலே பெயர்பெற்றது. எனினும் ஒளியியல் பற்றிய தமிழ்க் கட்டுரை சேர். சி. வி. இராமனை விடுத்துச் செல்லலாகாது. 1930இல் நோபெல் பரிசு பெற்ற அப்பெருமகன், முதுமைக் காலத்தில் மணிக்கற்களின் அழகிலே மனம் தோய்ந்து, 1950இல் செயராமன், சீனிவாசன் என்ற தம் மாணவரோடு இலங்கைச் சந்திரகாந்தத்தின் அமைப்பையும் ஒளியியலையும் ஆராய்ந்து வெளியிட்டார். பொற்றாசியம் பெல்சுபாரினுள்ளே மிக நுண்ணிய அளவிற் சோடியம் பெல்சுபார் பிரிந்து கிடத்தலால், கல்லின் முறிவுச் சுட்டி இடத்துக்கிடம் வேறுபட்டு ஒளி சிதறுகின்றது. அச்சிதறலே நிலவொளி போன்ற நீல மிளிர்வு என்பது அவர் கருத்து. கடலின் நீலத்துக்கு 1921இற் காரணம் தேடத் தொடங்கியவர் ஒரு கூழாங்கல்லின் நீலத்துக்கு வந்து சேர்ந்தமை வியப்பன்று.

சிதறல் எப்பொழுதும் அழகாக அமைவதில்லை. கொரண்டத்தினுள் உரூத்தைல் என்னும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு மயிரிழையினும் மெல்லிய ஊசிகளாக மூன்று திசைகளில் அடுக்குற்றிருந்தால், குவிந்த முகமாகத் தீட்டிய கல்லில் ஆறு கதிர்களையுடைய விண்மீன் தோன்றும். நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ள 563 கரட் நிறையுடைய 'இந்திய விண்மீன்' இத்தகையதே. பெயரில் இந்தியா இருப்பினும் பிறந்தது இலங்கையில். அதே உரூத்தைல் ஒழுங்கின்றி மிக நுண்ணிதாகப் பரவியிருந்தாலோ, கல் பால் கலந்த நீர் போல மங்கிக் கிடக்கும். அதுவே 'கெவுடா'. சப்பிரகமுவக் குழிகளில் நீலத்தைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாகக் கிடைத்த இக்கல்லை நெடுங்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை. மீன்தொட்டியில் இடவும் முற்றத்திற் பரப்பவும் பயன்பட்டது என முதியோர் கூறுவர்.

தூய கொரண்டத்துக்கு நிறமில்லை. அலுமினியத்தின் இடத்திற் சில குரோமிய அணுக்கள் புகுந்தால் அது மாணிக்கம். நீலத்தின் காரணம் அத்துணை எளிதிற் புலப்படவில்லை. செயற்கை மாணிக்கத்தை 1902இல் அறிவித்த வெர்னொய், நீலம் செய்ய முயன்று கோபாற்றைச் சேர்த்தபோது தோல்வியே கண்டார். பின்னர் இரும்பும் தைத்தேனியமும் ஒருங்கே வேண்டும் எனத் தெளிந்தார். ஏன் இரண்டும் வேண்டும் என்பது 1960களின் இறுதியிலேதான் விளங்கிற்று. அருகருகே நிற்கும் இரும்பு அயனிலிருந்து தைத்தேனியம் அயனுக்கு இலத்திரனொன்று தாவுகின்றது. அத்தாவலுக்கு வேண்டிய சத்தியை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஒளியிலிருந்து எடுத்துக்கொள்வதால் எஞ்சிய நீலமே நம் கண்ணை அடைகின்றது. நூற்றுக்கு ஒரு வீதத்தின் சில நூறிலொரு பங்கு இரும்பும் தைத்தேனியமும் ஆழ்ந்த நீலத்துக்குப் போதுமானவை.

கெவுடாவில் இரண்டும் இருந்தன. ஆனால் தைத்தேனியம் ஊசிகளாக ஒதுங்கிக் கிடந்தது. ஒட்சிசன் குறைந்த சூழலிலே 1500 பாகை செல்சியசுக்கு மேற்பட்டு அதனைச் சூடேற்றினால் ஊசிகள் கரைந்து, தைத்தேனியம் பளிங்கின் உள்ளே இரும்பின் அருகிற் சென்று அமர்கின்றது. பால் மறைகின்றது, நீலம் பிறக்கின்றது. இலங்கையர் சூடேற்றலை அறியாதவரல்லர். சிரட்டைக் கரியின் மீது ஊதுகுழலால் ஊதி, மாணிக்கத்திற் கலந்துள்ள நீலச்சாயலைப் போக்கும் வழக்கம் இங்கு மிகப் பழையது. தமிழ் பேசும் பேருவளை முசுலிம் வணிகர் இதிற் கைதேர்ந்தவர். ஆனால் அது காற்றோட்டமுள்ள நெருப்பு. அதன் வெப்பமும் குறைவு. இரும்பை ஒட்சியேற்றி நீலத்தை நீக்கவல்லதே யன்றி நீலத்தை ஆக்கவல்லதன்று. ஒரே நெருப்பின் இரு முகங்களில் ஒன்றை மட்டும் நாம் அறிந்திருந்தோம். மற்றையதை 1970களிலே தாய்லாந்து வணிகர் அறிந்தனர். அவர்கள் இரத்தினபுரிக்கு வந்து கெவுடாவை மலிந்த விலைக்கு வாங்கிப் பாங்கொக்கிலே நீலமாக்கி விற்றனர். இலங்கை அரசு இரத்தினக்கல் கூட்டுத்தாபனத்தை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவியிருந்தும், விற்பது என்னவென்று விற்றவர்க்கே தெரியாத வணிகத்தை அது எவ்வாறு தடுத்தல் கூடும்? 1980களில் உயர்வெப்ப உலைகளின் நுட்பம் இங்கும் பரவி, 'லக்மினி' போன்ற உலைகள் வழக்கிற்கு வந்தன. அதற்குள் போனது போய்விட்டது.

போனதில் நம் மக்களுக்கும் பங்குண்டோ எனின், உண்டென்றும் இல்லையென்றும் கூறலாம். கல்குழியின் வருமானம் பங்குமுறைப்படி பிரிக்கப்படுவது: நிலவுடைமையாளர்க்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் பெற்றவர்க்கு ஒன்று, நீரிறைக்கும் பொறியின் சொந்தக்காரர்க்கு ஒன்று, குழியில் இறங்குவோர்க்கு எஞ்சியது. கோப்பிக் காலத்திலிருந்து தென்னிந்தியாவினின்று வந்து, பின் தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த தோட்டத் தொழிலாளரோ, தாம் உறங்கிய லயன் அறைக்கும் உரியவரல்லர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டுக்கே உரியவரல்லர் என்றது. நிலமில்லாதோர்க்கு நிலப்பங்கு ஏது?

இறப்பர்த் தோட்டமொன்றிற் பிறந்த நான் ஒன்று கூறலாம். எங்கள் லயத்தில் வாழ்ந்த பெரியவர் ஒருவர், மழைக்குப்பின் கான் வெட்டும்போது கொட்டைப்பாக்களவு பாற்கல்லொன்றை எடுத்தார். காலை வெயிலில் அதனைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துப் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கின்றது. வெயிலுக்கு எதிரே பிடித்தபோது தேன்போன்ற சாயல். வெயில் முதுகிற்பட நின்று பார்த்தபோது நீலம் கலந்த பால். ஒரு மூட்டை அரிசிக்கும் குறைந்த விலைக்கு அது கைமாறிற்று. அவ்விரண்டு சாயல்களும் நல்ல கெவுடாவின் அடையாளம் என்பதையும், சிதறிய ஒளி நீலமாகவும் ஊடுவந்த ஒளி மஞ்சளாகவும் தோன்றுவது மாலை வானத்துக்குரிய அதே விதி என்பதையும் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின்னரே அறிந்தேன். எங்கள் பள்ளியில் அரியம் இல்லை. ஆசிரியர் தண்ணீர்ப் பாத்திரத்திற் கண்ணாடியொன்றைச் சாய்த்து வைத்து, சுவரில் ஏழு நிறங்களைக் காட்டினார். பெரியவர் கல்லைப் பார்த்ததும் ஆசிரியர் நிறமாலையைக் காட்டியதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. இரண்டையும் இணைத்துப் பார்க்க எங்களுட் எவருக்கும் தோன்றவில்லை.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. சூடேற்றிய நீலம் உலகெங்கும் மலிந்தமையால், நெருப்புப் படாத கல்லுக்கே பெருவிலை. அதற்குச் சான்று எது? உள்ளே கரையாது எஞ்சியிருக்கும் உரூத்தைல் ஊசிகளே. பட்டுநூல் என வணிகர் அவற்றை அழைப்பர். ஊசிகள் முழுமையாக இருப்பின் கல் உயர்ந்த வெப்பத்தைக் காணவில்லை. புள்ளிபுள்ளியாக அறுந்திருப்பின் கண்டுவிட்டது. உள்ளே பொதிந்துள்ள சேர்க்கோன் துகள் போன்றவை வெப்பத்தால் மாறினவா என்பதை அறிய, ஆய்வுகூடங்கள் கல்லினுள்ளே லேசர்க் கதிரைச் செலுத்திச் சிதறி வரும் ஒளியின் அலைநீள மாற்றத்தை அளக்கின்றன. 1928இற் கல்கத்தாவிலே இராமன் கண்ட விளைவு அது. இரத்தினபுரிக் கடைவீதியிலோ, முதுவணிகர் இப்போதும் காலைப்பொழுதில் வாசலுக்கு வந்து, கல்லை வானத்தை நோக்கி ஒருமுறை பிடித்துப் பார்த்த பின்னரே அதனை ஆய்வுக்கு அனுப்புகின்றார்.